ஜெனரேட்டர் புகைக்கு எந்தப் பெட்டி, எங்கே, எவ்வளவு பெரிது?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நீளும் கரையோரத்தில் வளவுகள் நெருக்கம். ஐஸ் பெக்டரியின் பின்மதிலும் அடுத்த வீட்டுக் குசினிச் சுவரும் சில இடங்களில் ஒன்றேதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் அயல் வீட்டில் யன்னல் சாத்தப்படும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலத்தில் அவசரத்துக்கு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டவர்கள் பலர். புகையை எங்கே விடுவது என்று அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. இப்போது அயலவர் முறைப்பாடு, சுற்றாடல் உரிமப்பத்திரம் என்று வரும்போதுதான் "புகைக்கு ஒரு பில்டர் பூட்டலாமாம், எதைப் பூட்டுவது?" என்ற கேள்வி எழுகிறது.

இதை ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். ஓர் ஐஸ் பெக்டரி, 200 கேவிஏ (ஜெனரேட்டர் தாங்கும் மின்சக்தியின் அளவு) ஜெனரேட்டர், இரண்டு பக்கமும் வீடு. அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைக்கும் மட்டக்களப்பில் ஒரு கிளினிக்குக்கும் விடை வேறு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கொழும்புக்குப் போன் பண்ணி விலை கேட்பதற்கு முன் அடுத்த வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேட்பது நல்லது. "காயப்போட்ட துணியெல்லாம் கரி" என்றால் அது ஒரு பிரச்சினை. "கண் எரியுது, மண்டையைப் பிளக்கிற மணம்" என்றால் அது வேறு. "இரவில் பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை" என்றால் அது சத்தம், சைலன்ஸர் சம்பந்தப்பட்டது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. விற்க வருகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைத்தான் காட்டுவார்.

புகையைச் சுத்தம் பண்ணும் சாமான் மூன்று வகை. முதலாவது டிஓசி, அதாவது ஒட்சியேற்ற வினையூக்கி. தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு கட்டியில் பிளாற்றினம், பலேடியம் பூசியிருக்கும். காபனோரொட்சைட்டையும் எரியாத எண்ணெய் ஆவியையும் எரித்துவிடும். டீசல் மணத்தில் பெரும்பகுதி இந்த ஆவிதான், ஆகவே மணம் குறையும். ஆனால் கறுப்புக் கரியை இது பிடிக்காது. கரி ஓட்டைக்குள்ளால் நேரே போய்விடும். இரண்டாவது டிபிஎஃப். இதுதான் உண்மையான வடிகட்டி. ஓட்டைகளை ஒன்று விட்டு ஒன்று அடைத்திருப்பதால் புகை சுவருக்குள்ளால்தான் வெளியேற முடியும், கரி சுவரில் தங்கிவிடும். ஒழுங்காக வேலை செய்தால் கரியில் 90 வீதத்துக்கு மேல் பிடிக்கும். மூன்றாவது எஸ்சிஆர். யூரியாக் கரைசலைச் சூடான புகைக்குள் பீச்சி, அதிலிருந்து வரும் அமோனியாவைக் கொண்டு நைதரசன் ஒட்சைட்டுகளை வெறும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றுவது.

துணியில் கரி என்றால் டிஓசிக்குக் கொடுக்கும் காசு வீண். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் மூன்றிலும் மலிவானது அதுதான். கரியைச் சும்மா அழுக்கு என்று விடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் டீசல் புகையை 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. மதிலுக்கு அப்பால் சிறுபிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் டீசல், பிறகு லோட்

எந்தப் பெட்டியானாலும் டாங்கியில் என்ன ஊற்றுகிறோம் என்பது முக்கியம். சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் அதிகம். யூரோ 4 தரம் என்று விற்கும் சூப்பர் டீசலில் அது மிகக் குறைவு, அந்தத் தரத்தின் உச்ச எல்லையே 50 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 50 பங்கு. கந்தகம் கூடின டீசலை ஊற்றி டிஓசி பூட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும். புகை நன்றாகச் சூடாகி 350, 400 பாகையைத் தாண்டும்போது வினையூக்கி கந்தகவீரொட்சைட்டையும் ஒட்சியேற்றி, கடைசியில் சல்பூரிக் அமிலத் துளியாக வெளியே தள்ளும். கறுப்புப் புகைக்குப் பதில் வெள்ளைப் புகை. காசு கொடுத்துப் புகையைக் கூட்டின கதை. வினையூக்கி பூசிய டிபிஎஃப்புக்கும் இதே நிலைதான். ஆகவே சூப்பர் டீசலுக்கு மாற மனமில்லாதவர் இந்தப் பெட்டிகளில் காசு போட வேண்டாம். புகைக்குழாயை உயர்த்துவதோடு நிற்கட்டும்.

அடுத்தது லோட். இதில்தான் அளவு என்ற பேச்சே தொடங்குகிறது, பலர் நினைப்பது போலப் பெட்டியில் இல்லை. நம் உதாரண பெக்டரியில் 55 கிலோவாற்று கம்பிரசர் மோட்டார் ஒன்று இருக்கிறது. ஓடும்போது எல்லாம் சேர்த்து 50 கிலோவாற்று அளவுதான் இழுக்கிறது. ஆனால் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால் அந்தக் கணத்தில் சாதாரண மின்னோட்டத்தின் ஆறு மடங்கு வேண்டும். அதைத் தாங்கத்தான் 200 கேவிஏ வாங்கினார்கள். விளைவு, 160 கிலோவாற்று தரக்கூடிய எஞ்சின் நாள் முழுக்க 30 வீத லோடில் ஓடுகிறது.

குறைந்த லோடில் ஓடும் டீசல் எஞ்சினின் புகை சூடாகாது. முழு லோடில் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி) உள்ள எஞ்சின் 500 பாகைக்கு மேல் புகை விடும். 30 வீதத்தில் அது 250, 300 பாகை, அதற்கும் கீழே போனால் எரியாத எண்ணெய் சைலன்ஸரில் தார் மாதிரி ஒழுகத் தொடங்கும். டிஓசி வேலை தொடங்குவதற்கே 200 பாகை அளவு வேண்டும். எஸ்சிஆரிலும் 200க்குக் கீழே யூரியா பீச்சினால் குழாய்ச் சுவரில் வெள்ளைக் கட்டியாகப் படிந்துவிடும். டிபிஎஃப் இதைவிடப் பிடிவாதம். அதில் சேரும் கரி எரிய வேண்டும். டிஓசி உண்டாக்கும் நைதரசனீரொட்சைட்டின் உதவியோடு தானாக எரிவதற்குக் குறைந்தது 250, 300 பாகை தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த உதவி இல்லாமல் எரிய 550, 600 பாகை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு 0.15 கிராம் கரி விடும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம், பழைய எஞ்சினுக்கு இது அதிகம் இல்லை. 50 கிலோவாற்று லோடில் மணிக்கு 7.5 கிராம். 12 லீற்றர் டிபிஎஃப் ஒன்றில், லீற்றருக்கு 5 கிராம் வரை பாதுகாப்பாகத் தங்கவிடலாம் என்றால், மொத்தம் 60 கிராம். எட்டு மணித்தியாலத்தில் நிறைந்துவிடும். கரி தானாக எரியாவிட்டால் ஒரு நீண்ட மின்வெட்டுக்குள் வடிகட்டி அடைபடும் என்று அர்த்தம். அடைபட்ட பிறகு திடீரென்று லோட் கூடி அந்தக் கரி முழுவதும் ஒரேயடியாகத் தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் செரமிக் வெடிக்கும், உருகவும் செய்யும்.

அதனால் என் முதல் யோசனை பெட்டி பற்றியதே இல்லை. மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிப் பிறகு முழுதுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டு, கம்பிரசரை லோட் இல்லாமல் தொடங்கும்படி மாற்றினால், தொடக்க இழுவை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்போது 125 கேவிஏ ஜெனரேட்டர் சமாளிக்கும். அதே 50 கிலோவாற்று அந்த எஞ்சினுக்கு அரை லோட், புகை 400 பாகைப் பக்கம் வரும், டீசலும் மிச்சம். புகைக்கு மருந்து தேடி வந்தவர் ஸ்டார்ட்டர் பெட்டியோடு திரும்புவது விசித்திரமாகத் தெரியும். ஆனால் இதைச் செய்யாமல் பூட்டும் வடிகட்டி அடைபட்டே தீரும். பழைய 200ஐ விற்க மனமில்லை என்றால் மின்னில் சூடாக்கிக் கரியை எரிக்கும் டிபிஎஃப் வாங்கலாம். அந்த ஹீட்டர் இழுக்கும் மின்சாரமே எஞ்சினுக்கு லோடாகவும் அமையும். விலை கூடும், பழுதுபடக்கூடிய பாகங்களும் கூடும்.

எங்கே வைப்பது

மூன்று இடம் சொல்வார்கள். எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் டர்போவின் வாயில், ஷெட் கூரைக்குக் கீழே சைலன்ஸர் இருக்கும் இடத்தில், அல்லது வெளியே மதிலோரம் புகைக்குழாய் மேலே ஏறும் இடத்தில்.

மதிலோரம் வசதியாகத் தெரியும். ஷெட்டுக்குள் இடம் பிடிக்காது, வெல்டிங் சுலபம். ஆனால் புகை அங்கே போவதற்குள் மூடாத குழாயில் சூட்டை இழந்துவிடும். நாம் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வெப்பம் வெளிக்காற்றுக்குப் போகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். அந்த இடத்தை நான் ஒப்பவே மாட்டேன்.

டர்போவின் வாயில் சூடு அதிகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் டிபிஎஃப், கூடு, பிளேஞ்ச் எல்லாம் சேர்ந்து பல பத்துக் கிலோ. அந்தப் பாரத்தைத் டர்போவின் கழுத்தில் தொங்கவிட்டால் அதிர்வில் ஏதாவது ஒன்று வெடிக்கும். தனியாகத் தாங்கி அடித்து, நடுவில் பெலோஸ், அதாவது அதிர்வையும் நீட்சியையும் தாங்கும் மடிப்புக் குழாய், போட வேண்டும். சத்தம் அடக்கும் கனொப்பிக்குள் என்றால் இன்னொரு சிக்கல், ஏற்கெனவே 35 பாகை வெயிலில் திணறும் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு வைத்த மாதிரி ஆகிவிடும்.

நடுவழிதான் சரி. டர்போவிலிருந்து இரண்டு, மூன்று மீற்றருக்குள், கூரைக்குக் கீழே, நிலத்திலிருந்து வரும் தாங்கியில், பெலோஸுக்குப் பிறகு. பெட்டி வரைக்கும் குழாயில் ரொக்வூல் (சூடு போகாமல் மூடும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறைப் பஞ்சு) சுற்றி மேலே அலுமினியத் தகடு போட வேண்டும். டிஓசியும் டிபிஎஃப்பும் ஒரே கூட்டில், உள்ளே சைலன்ஸர் அறையும் சேர்ந்து வருவது உண்டு. அப்படிக் கிடைத்தால் பழைய சைலன்ஸரைக் கழற்றி அதே இடத்தில் மாட்டலாம், இடமும் மிச்சம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், டிபிஎஃப்பைக் கழற்றி எடுக்க இடம் விடுங்கள். கரி எரிந்தாலும் எஞ்சின் ஒயிலின் சாம்பல் எரியாது, அது உள்ளேயே தங்கும். சாம்பலைத் தட்டி எடுக்க ஒரு நாள் கழற்றத்தான் வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வெல்ட் வைத்துவிட்டால் அப்புறம் கூரையைத்தான் கழற்ற வேண்டும்.

குழாய் சூட்டில் நீளும் என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். 4 மீற்றர் ஸ்டெயின்லெஸ் குழாய் 450 பாகைக்குப் போனால் 3 சென்ரிமீற்றர் அளவு நீளும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் வெடிப்பது வெல்டிங் இடம்.

எவ்வளவு பெரிது

125 கேவிஏக்கு வரும் எஞ்சின் பெரும்பாலும் 6 லீற்றர் அளவு. 1500 ஆர்பிஎம்மில் டர்போவோடு அது விடும் புகையைச் சாதாரண வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 400 கன மீற்றர், அதாவது 4 இலட்சம் லீற்றர். வினையூக்கியின் அளவைப் பார்க்கும் முறை எளிது. மணிக்கு வரும் இந்தக் கன அளவை, பெட்டிக்குள் இருக்கும் கட்டியின் கன அளவால் பிரிக்க வேண்டும். டிஓசிக்கு 80,000 வரை போகலாம், அப்படியானால் 5 லீற்றர் போதும். எஸ்சிஆருக்கு 30,000 பக்கம் நிற்க வேண்டும், அதற்கு 13 லீற்றர். டிபிஎஃப்புக்கு வேறு கணக்கு, எஞ்சின் கொள்ளளவின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதாவது 9 முதல் 12 லீற்றர். விற்பவர் "இது 200 கேவிஏ வரை போதும்" என்று சொன்னால் கட்டியின் விட்டமும் நீளமும் கேட்டுக் கன அளவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வெளிக்கூட்டின் அளவைக் காட்டி ஏமாற்ற இடமுண்டு.

பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பதும் முழுச் சரியில்லை. டிபிஎஃப் பெரிதானால் கரி தங்க இடம் கூடும், எதிரமுக்கம் குறையும், நல்லதுதான். ஆனால் பெரிய கட்டி சூடாக நேரம் எடுக்கும். அரை மணித்தியாலம் ஓடி நிற்கும் ஜெனரேட்டரில் அது சூடேறி முடியுமுன் கரண்ட் வந்துவிடும்.

எதிரமுக்கம் என்பது எஞ்சின் தன் புகையைத் தள்ளிவிட எடுக்கும் சிரமம். டர்போ எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர் விடும் எல்லை பெரும்பாலும் 6 முதல் 10 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும், உங்கள் எஞ்சினின் புத்தகத்தில் சரியான எண் இருக்கும். சைலன்ஸர், குழாய், வளைவு, பெட்டி, அதில் சேரும் கரி எல்லாம் இந்த ஒரே எல்லைக்குள் அடங்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க 4 அங்குலக் குழாயும் நாலு கூர்மையான வளைவும் போட்டால், பெட்டிக்கென்று மிஞ்சுவது ஒன்றுமில்லை. 4 அங்குலத்தை 5 அங்குலம் ஆக்கினால் நேர்க்குழாயின் உராய்வு இழப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். இதைவிட மலிவான முன்னேற்றம் இந்த வேலையில் வேறு இல்லை.

சிலர் புகைக்குழாயைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விடுகிறார்கள். 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் விட்டாலே 3 கிலோபாஸ்கல் போய்விட்டது. நுண்ணிய கரி குமிழிக்குள்ளேயே மேலே வந்துவிடும், தண்ணீர் அதைப் பெரிதாகப் பிடிக்காது. எஞ்சின் நிற்கும்போது குழாய் குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கவும் கூடும். வேண்டாம்.

எஸ்சிஆரை இங்கே சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இந்த பெக்டரிக்கு அது தேவையில்லை. யூரியா பீச்சும் இடத்துக்கும் வினையூக்கிக்கும் நடுவில் நன்றாகக் கலப்பதற்கு நீளமான நேர்க்குழாய் அல்லது கலக்கி வேண்டும், இடம் பிடிக்கும். 32.5 வீத யூரியாக் கரைசல் டீசலில் சுமார் 5 வீதம் செலவாகும். குளிர் நாட்டில் அது உறைவதுதான் தலையிடி, இங்கே அந்தக் கவலை இல்லை. இங்கே வெயில்தான் எதிரி. 30 பாகைக்குள் வைத்தால் ஒரு வருடம் தாங்கும் கரைசல் 35 பாகையில் ஆறு மாதம்தான். தகரக் கூரைக்குக் கீழே வாங்கி அடுக்கி வைப்பவர்கள் யோசிக்கட்டும். புதிய ஜெனரேட்டரோடு தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தால் வைத்திருங்கள். பழையதில் தேடிப்போய்ப் பூட்டாதீர்கள்.

கச்சான், வாடை, உப்பு

புகைக்குழாயின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பார்கள். கச்சான் (தென்மேற்குக்) காற்றுக்குப் புகை கடல் பக்கத்து வீடுகளுக்குப் போகும். வாடைக்கு (வடகீழ்க் காற்றுக்கு) மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு. பகலில் கடற்காற்று வேறு. இந்தப் பட்டியில் எந்தக் காற்றுக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஆகவே திசையைப் பார்த்துப் பயனில்லை. உயரத்தைப் பாருங்கள். இந்தியாவில் ஜெனரேட்டருக்கு ஒரு விதி உண்டு, கட்டட உயரத்துக்கு மேலே, கேவிஏயின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீற்றர் அளவு. 125க்கு இது 2.2 மீற்றர், 200க்கு 2.8. நம் நாட்டு விதி இது இல்லை, ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ள நல்ல கணக்கு. அடுத்த வீடு இரண்டு மாடி என்றால் அந்த உயரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

கடலிலிருந்து வரும் உப்புக்காற்றும் வடகீழ்ப் பருவ மழையும் சேர்ந்தால் சாதாரண இரும்புக் குழாய் வருடக்கணக்கில் நிற்காது. 304 ஸ்டெயின்லெஸ் போடுங்கள். ஓடாமல் சும்மா நிற்கும் நாட்களில்தான் உள்ளே ஈரம் சேர்ந்து அரிக்கும், அதனால் வாயில் தானாக மூடும் மூடியும் பெட்டிக்கு முன் தாழ்வான இடத்தில் நீர் வடியும் குழாயும் அவசியம். கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சென்சர் வயர்களையும் 2024 நவம்பர் வெள்ளம் ஏறின அடையாளத்துக்கு மேலே வையுங்கள்.

ஆக, கரிதான் முறைப்பாடு என்றால் இந்த ஐஸ் பெக்டரிக்கு என் தெரிவு இது: ஸ்டார்ட்டரை மாற்றி 125 கேவிஏக்கு இறங்குவது, சூப்பர் டீசல், டிஓசியும் டிபிஎஃப்பும் சேர்ந்த ஒரு கூடு, ஷெட்டுக்குள்ளே மூடிய குழாயோடு. மணம் மட்டும்தான் என்றால் டிஓசியும் உயரமான குழாயும் போதும், பாதிச் செலவுகூட ஆகாது.

சம்மாந்துறைப் பக்கம் வயலுக்கு நடுவில் அரிசி ஆலை வைத்திருப்பவருக்கு நான் எந்தப் பெட்டியும் சொல்ல மாட்டேன். அங்கே காற்றுக்கு இடம் இருக்கிறது, வீடு தூரம், உமித்தூசும் அடுப்புப் புகையும் டீசலைவிடப் பெரிய பிரச்சினை. குழாயை உயர்த்தி, இன்ஜெக்டரையும் எயார் பில்டரையும் ஒழுங்காகப் பார்த்தால் கறுப்புப் புகையில் கணிசமான அளவு குறையும்.

கிளினிக்கின் கதை வேறு. அங்கே ஜெனரேட்டர் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். கிழமைக்கு ஒருமுறை லோட் இல்லாமல் கால் மணித்தியாலம் ஓட்டிப் பார்ப்பார்கள், எஞ்சின் சூடாகுமுன் நிறுத்திவிடுவார்கள். அந்த ஓட்டத்தில் எந்த வினையூக்கியும் விழிக்காது, டிபிஎஃப்பில் கரி மட்டும் சேரும். டிஓசி போடலாம், டிபிஎஃப் வேண்டாம். சோதனை ஓட்டத்தைக் கட்டடத்தின் ஏசியை ஏற்றி, பாதி லோடோடு அரை மணித்தியாலம் செய்யச் சொல்லுங்கள். குழாயின் வாய் வாட்டு யன்னலுக்கும் ஏசி காற்று எடுக்கும் இடத்துக்கும் தூரமாக இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: முழு லோடில் டர்போவுக்குப் பிறகு அளக்கும் எதிரமுக்கம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று. அதை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. குழாயில் ஒரு சின்ன வாயை வெல்ட் பண்ணி, அதிலிருந்து கொஞ்சத் தூரம் செப்புக் குழாய் இழுத்துச் சூட்டைக் குறைத்து, அப்புறம் தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் மாட்டினால் போதும். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 10 கிலோபாஸ்கல். பூட்டிய அன்று ஓர் அளவு எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு அதே லோடில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிபிஎஃப் அடைபடுகிறது, கழற்றும் நேரம் வந்துவிட்டது.